ஜன்னலுக்கு வெளியே நான்கு நாள்

மார்ச் 3, திங்கள்
காலையில் மூடுபனி. சட்டை காயவில்லை.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கான மாலை வகுப்பு. பதினொரு பேரில் ஆறு பேர். மற்றவர்கள் புளி உலுக்கப் போய்விட்டார்களாம். சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

பிள்ளைகளின் கூத்து வேறு. ஒன்று டஸ்டரை நக்கியது. 'குழந்தைகளை உள்ளே அழைத்து வரக்கூடாது' என்று போன வாரமே கரும்பலகை ஓரத்தில் எழுதிவிட்டேன். மதிப்பவன் மாதேசன் ஒருவன்தான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். இன்றோடு நான்கு நாள். உள்ளே இல்லாததால் 'வரவில்லை' என்றே பதிந்தேன். பதிவேடு என்றால் பதிவேடு.

மார்ச் 4, செவ்வாய்
வருகைப் பட்டியலை நகல் எடுத்து ஜீப்பில் திருப்பத்தூர் அலுவலகத்துக்கு. இருமுறை சரிபார்த்தது. கூட்டல் சரி.

செய்ய: சுண்ணக்கட்டி. மூக்குக்கண்ணாடித் திருகு. பின்னம் மறுபடி நடத்த (யாருக்கும் புரியவில்லை. கடைசியில் எனக்கே சந்தேகம்).

மார்ச் 5, புதன்
அலுவலகத்திலிருந்து ஜீப்பில் தகவல். வருகை குறைவு, மாதேசனின் எட்டாம் வகுப்புத் தேர்வு விண்ணப்பம் போகாது. வெள்ளி கடைசி நாள்.

அவனிடம் சொன்னேன். எட்டாவது முடித்தால் அவனுக்கு இங்கேயே விடுதிக் காவலர் வேலை. இல்லாவிட்டால் கேரளா எஸ்டேட், மகள் அக்கா வீட்டில். மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலையாட்டினான். திட்டியிருக்கலாம்.

வகுப்பில் படிக்கும் செவ்வந்தி விடவில்லை. "இன்னா சார் நீங்க? நாலு நாளும் ஜன்னலாண்டதான நின்னுக்கினு இருந்தான்? கணக்குக்கு அவன்தான் பதில் சொன்னான். நீங்களும் சரின்னீங்க. அப்புறம் வரலன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"உள்ளே வரவில்லையே அம்மா."

"கொழந்தய இன்னா, புளியமரத்துல மாட்டிட்டு வரணுமா? ஒண்டியா வளக்கறவங்க கிளாஸுன்னு பேரு வேற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 6, வியாழன்
வளைவுப் பாறை வரை நடை. அங்கேதான் சிக்னல். அலுவலகத்தில் பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். மணி அடித்ததும் நானே துண்டித்துவிட்டேன். என்ன மனிதன் நான்.

மார்ச் 7, வெள்ளி
விடிகாலை ஜீப். பதினாறு பேர், ஓர் ஆடு.

அலுவலக எழுத்தர்: "பட்டியல்ல அடிச்சி எழுதக் கூடாது சார். காரணம் எழுதிக் குடுங்க. ஒடம்பு சரியில்லன்னு போட்டுடுங்களேன்."

பேனா மூடியைத் திறக்கவே நேரம் ஆனது. எழுதினேன்: நான்கு நாளும் வந்திருந்தார். வெளியே நிறுத்தியது நான்.

"பழி உங்க மேலதான வரும்?"

"வரட்டும்." குரல் வெளியே கேட்டதா தெரியவில்லை. மறுபடி சொன்னேன்.

முத்திரை விழுந்தது. விண்ணப்பம் போயிற்று.

மாலை, வகுப்பு. கரும்பலகை ஓரத்து விதியை அழித்தேன். மாதேசன் வாசலில் தயங்கினான். "உள்ளே வாங்க" என்றேன். முதல் பெஞ்சு. அவன் மகள் நேரே வந்து பதிவேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை. இன்று யாருக்கும் வருகை பதியவில்லை.