உன் பேரைச் சொல்லி வாங்கிய பூட்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1912 மார்ச்சு 19, செவ்வாய் இரவு.

அன்பு மகள் சுகிர்தத்துக்கு,

ஊர் அடங்கின பிறகு இப்படி உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். விளக்கைத் தூண்டினால் தம்பி விழித்துக்கொள்கிறான், அதனால் திரியை இறக்கி வைத்திருக்கிறேன், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுமையாகப் பிரித்துப் படி. ஆண்டவர் தயவில் இங்கே மூன்று பேரும் உடம்பளவில் சுகமாயிருக்கிறோம், நீயும் போர்டிங்கில் வேளைக்குச் சாப்பிட்டுத் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி வற்றிவிட்டது, ஆனாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமலிருக்கப் பார்க்கிறான். பெரிய கோவில் பங்குனிக் கலியாணத்துக்குத் தெருவில் பந்தல்கால் நட்டாயிற்று. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, வாளியை விடும்போதெல்லாம் வேலைக்கு வருகிற அய்யம்மாள் எனக்குக் கேட்கும்படியாகப் பெருமூச்சு விடுகிறாள். அப்பாவுக்குப் பரீட்சைக் காலம், பேப்பர் திருத்தித் திருத்திக் கண் சிவந்திருக்கிறது. எழுத எளிதானதை எல்லாம் எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதை எழுத வேண்டும், அதைத் தள்ளிப்போட்டுத்தான் போன வாரம் முழுவதும் உனக்கு ஒரு வரியும் போடாமல் இருந்தேன்.

சோழபுரத்திலிருந்து மாசிலாமணியின் தாயும் தகப்பனும் உனக்குச் சம்பந்தம் பேச வந்துபோனார்கள். கிறிஸ்துமஸ் லீவில் நீ, உங்கள் இஷ்டம் அம்மா, என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாயே, போகும்போது உன் முகத்தை நான் பார்த்தேன். இராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் வாத்தியாராகச் சேர்ந்ததை நீ என்னிடம் மூன்று தரம் சொன்னாய், புதுச் செய்தி மாதிரி. அதனால் இந்தக் காரியம் உனக்கு எவ்வளவு வேண்டியது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. தெரிந்தும் அதைக் கெடுத்துவிட்டேன். கெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

என் பைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான். பாளையங்கோட்டையில் எப்.ஏ. படித்த நாளில், பாடம் சொல்ல வரும் மிஸ்ஸியம்மா வராந்தாவில் நடக்கிற சத்தத்துக்கே எனக்கு உடம்பு சிலிர்க்கும், எல்லாரும் புத்தகத்தைப் பார்க்க நான் மேசைக்கு அடியில் அவர்கள் காலைப் பார்ப்பேன். பட்டு வேண்டும் என்று உன் அப்பாவிடம் நான் கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. எனக்குத் தோலும் கொக்கியும் பொத்தானும்தான். ஒரு நல்ல கைப்பையை மூடும்போது வாயில் இருக்கிற வெள்ளிப்பூண் இரண்டும் சேர்ந்து 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், யாருமில்லாதபோது சும்மா திறந்து சும்மா மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர்களின் விலைப்பட்டியல் வந்தால் தம்பிக்குக் கஞ்சி கொடுக்க மறந்துபோகும். ஒவ்வொரு தடவை வி.பி. பார்சல் வரும்போதும், என்ன இது என்று அப்பா கேட்டால், சுகிர்தத்துக்கு, சென்னப்பட்டணத்தில் நாலு பேர் நடுவில் இருக்கிற பெண் இல்லையா, என்று சொல்லிவிடுவேன். மணிப்பர்ஸ் உனக்கு, சட்டக்குடை உனக்கு, தாமிரக் கொக்கி வைத்த பெல்ட் உனக்கு. நீ அதில் ஒன்றையும் தொட்டதில்லை. உன் பெட்டியில் இரண்டு வெள்ளைச் சேலையும் ஒரு சாதாரணச் செருப்பும்தான் போயின. எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. கடைசியாக வந்தது அந்தக் கபில நிறப் பூட்ஸ், குதி உயர்ந்தது, பக்கவாட்டில் வரிசையாய்ப் பொத்தான் வைத்தது.

போன புதன்கிழமை காலையில் வேதக்கோவிலில் ஸ்திரீகள் கூட்டம் இருந்தது, அதற்கு அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். வந்ததும் வாசற்படியில் கழற்றிப் போட்டேன், குடையைச் சுவரில் சாய்த்தேன், கைப்பையை நிலை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். உச்சிவெயில் நேரத்தில் சோழபுரத்து வண்டி வந்திருக்கிறது. வாசலில் கிடந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு வெள்ளைக்காரத் துரைசானி இருக்கிறாள் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வேறு யார் இப்படி ஒன்று காலில் போடுவார்கள். "தொரசானி பேசிட்டு வெளிய வரட்டும், பொறவு போவோம், இடையில போயி நின்னா மருவாதியா இருக்காது" என்று அவன் தகப்பன் வேதமுத்து சொல்லியிருக்கிறார். ஆகவே எதிர்ச்சாரியில் வக்கீல் வீட்டு மதிலோரம் வாகை மரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு நின்றிருக்கிறார்கள்.

நான் அவர்களைப் பார்த்தேன், சுகிர்தம். பார்க்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தலைப்பாகை கட்டிய ஒரு ஆளும், இடுப்பில் மூட்டை வைத்த ஒரு அம்மாளும். இந்த ஊரில் கோர்ட்டு திறந்திருக்கிற நாளெல்லாம் அந்த மரத்தடியில் யாராவது அப்படி நிற்பார்கள், வக்கீல் எழுந்துவரக் காத்துக்கொண்டு. அவர்களும் வாய்தாவுக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். வேதமுத்துவை நான் ஒரே தரம் பார்த்ததுண்டு, அம்மாளைப் பார்த்ததே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். மாடு நம் வாசலுக்கு நேரே சாணி போடுகிறதே என்று அய்யம்மாளைக் கூப்பிட்டு, மாட்டைத் தள்ளிக் கட்டச் சொல்லு என்றேன். அவள் போய், "எங்கம்மா சொல்லுதாவ, மாட்ட அங்கிட்டுத் தள்ளிக் கட்டுவீகளாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அந்த மனிதர் இரண்டு மாட்டையும் நிழலிலிருந்து அவிழ்த்து வெயிலில் கொண்டுபோய்க் கட்டினார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு அப்பா வந்தபோதுதான் தெரிந்தது. அப்பா பதறிப்போய் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். மூட்டையில் கருப்பட்டியும் ஒரு கட்டு முருங்கைக்காயும், காய் வெயிலில் வாடித் துவண்டு கிடந்தது. அந்த அம்மாள் பேர் வெள்ளத்தாய், உள்ளே நுழையும்போதே குரலைத் தாழ்த்தி என்னிடம், "தொரசானி போயிட்டாவளா? நாங்க கண்ணுல காணலியே" என்றாள். துரைசானி யாரும் வரவில்லை என்று அப்பா சொன்னார்கள். "அப்பம் அந்தப் பூட்சு யாருது?" என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அவர்கள் காலைப் பார்த்தேன், புழுதி காய்ந்து முழங்கால் வரைக்கும் வெள்ளையாய் இருந்தது. அது என்னுடையது என்று சொன்னால் அவர்கள் அவ்வளவு நேரமும் நின்றது எனக்காக என்று ஆகிவிடும். அதைத் தாங்கும் தைரியம் இல்லாமல் நாக்கு பழகின வழியிலேயே போய்விட்டது. எங்கள் சுகிர்தத்துடையது, என்றேன்.

வெள்ளத்தாய் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, இந்தப் பூட்சு சத்தத்தோட தொழுவுக்குள்ள வந்தா நம்ம செவலை மெரண்டுருமே" என்று சிரித்தாள், அவரும் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. காப்பி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், கலியாணப் பேச்சை எடுக்காமலே வண்டி பூட்டிவிட்டார்கள். வண்டி திரும்பும் வரைக்கும் வாசலில் நின்ற அப்பா, உள்ளே வந்து தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, "அவ காலுக்கு அந்தப் பூட்ஸ் ஏறாது, அன்னம்" என்று மட்டும் சொன்னார்கள். இத்தனை பார்சலும் யாருக்கு வந்தது என்று அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று நாளும் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை, திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேறியிருப்பேன்.

சனிக்கிழமை சோழபுரத்துச் சபை உபதேசியார் வந்து சேதி சொன்னார். "பொண்ணு நல்ல பொண்ணுதான், நாங்கதான் அம்புட்டு ஒசரத்துக்கு எட்டமாட்டோம்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மாட்டுத்தொழுவில் சாணி அள்ளின கையால் சோறு போடுகிற வீடு, அங்கே பூட்ஸ் போட்டவள் எப்படி வந்து இருப்பாள் என்பது அவர்கள் நினைப்பு. செருப்பை மறந்து ஓடைக்குப் போய் முள் குத்திக்கொண்டு வருகிற உன்னைப் போய் அப்படி நினைத்துவிட்டார்கள். உபதேசியார் காப்பி டம்ளரை வைக்கும்போதே சொல்லியிருக்கலாம், ஐயா, அது பொய், போய்ச் சொல்லுங்கள் என்று. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நின்றபோதும் என் மனம் உன்னிடம் இதை எப்படி மறைக்கலாம் என்றுதான் சுற்றிவந்தது, அவர்களே மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெற்றவள் யோசிக்கிற யோசனையா இது.

இன்றைக்குக் காலையில் அய்யம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வண்டி பிடித்து இராஜபாளையம் தாண்டிச் சோழபுரம் போனேன். புறப்படும்போது காலில் என்ன போடுவது என்று தெரியாமல் வாசலில் வெகுநேரம் நின்றேன். அதைப் போட்டுக்கொண்டு போனால் திமிர், வெறுங்காலோடு போனால் வேஷம். கடைசியில் போட்டுக்கொண்டே போனேன், என்னுடையது என்று சொல்லப் போகிறவள் அதோடு போவதுதான் சரி என்று பட்டது. வெள்ளத்தாய் முற்றத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நின்றபடியே சொன்னேன், இது என் பூட்ஸ், சுகிர்தம் இதைத் தொட்டதுகூட இல்லை, அன்றைக்கு வெட்கப்பட்டுப் பிள்ளை பேரைச் சொல்லிவிட்டேன் என்று. அவள், "மாட்டத் தள்ளிக் கட்டச் சொன்னதும் நீங்கதானா?" என்றாள். அதை அவள் மனதில் வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆமாம், கோர்ட்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டேன் என்றேன். "கோர்ட்டுக்கு வந்தவன் மாடுன்னா வெயில்ல நிக்கலாமாக்கும்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. காலேஜில் படித்த நான் மிளகாய் நெடிக்குக் கண் எரிகிற மாதிரி முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறினேன், மோர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. பூட்ஸை மறுபடி மாட்ட நான் கைப்பையிலிருந்து பொத்தான் மாட்டும் கொக்கியை எடுத்துப் பொத்தான் பொத்தானாக இழுத்துக்கொண்டிருந்தபோது எதிரே நின்று பார்த்தவள், "இத்தனையும் தெனமும் மாட்டணுமா? அதுக்குள்ள நான் ரெண்டு மாடு கறந்துட்டு வந்துருவேனே வாத்தியாரம்மா" என்றாள். அய்யம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்குக்கூட வந்தது, வெள்ளத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி ஏறும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொண்ணு பூட்சு போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க வாய்ச்சொல்ல நம்பி இனிமே நான் ஒரு அடி வைக்க மாட்டேன். குருத்தோலை ஞாயிறு கழிச்சுச் சாத்தூர்ல இருந்து ஒரு எடம் பேச வாராவ. அதுக்கு முன்ன பொண்ணு அவ கைப்பட எழுதட்டும், எம் மவன் வாசிச்சுக் காட்டுவான், பொறவு பாப்போம்."

இதுதான் நிலைமை. என் வார்த்தைக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை, உன் வார்த்தைக்கு இன்னும் இருக்கிறது. அதனால் உனக்கு மனமிருந்தால் வெள்ளத்தாய் அம்மாளுக்கே நேராக எழுது. வாசிக்கப் போகிறவன் மாசிலாமணி என்பதை நினைத்துக்கொண்டு, அவன் தன் தாய்க்கு முன்னால் கூச்சமில்லாமல் வாசிக்கக்கூடியதாக எழுது. என்னைக் காப்பாற்ற ஒரு வரியும் சேர்க்காதே, நான் சொன்னது பொய் என்றே எழுது. அல்லது இவ்வளவு ஆனபிறகு உனக்கு அங்கே போக மனமில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது, அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்கள், எனக்குச் சொல்ல வாயில்லை.

திரும்பி வந்ததும் அலமாரியைக் காலி பண்ணிவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து, என் காலைக் கழுவுவதற்கு முன்னால், சோழபுரத்துச் செம்மண்ணைத் துணியால் துடைத்துப் பூட்ஸைத்தான் சுத்தம் பண்ணினேன், பண்ணி முடித்தபிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அடுத்த விலைப்பட்டியல் வந்தால் பிரிக்கமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து இன்னொரு பொய்க்கு இடம் வைக்கமாட்டேன். இனி எதை வாங்கினாலும் எனக்கு என்று சொல்லி வாங்குவேன், உன் பேரை அதில் இழுக்கமாட்டேன், அவ்வளவுதான் என்னால் இப்போது சொல்ல முடிகிறது.

சுவிசேஷம் வாசிக்காமல் படுக்காதே, வெயில் ஏறுகிறது, வாரத்துக்கு ஒரு தரமாவது தலைக்கு எண்ணெய் வை, மாடிப்படியில் ஈரத்தோடு ஓடாதே. ஆண்டவர் உன்னை உன் போக்கிலும் வரத்திலும் காத்து, உன் மனதுக்கு ஏற்ற வீட்டை உனக்குக் கொடுப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் தம்பியின் முத்தமும் இதோடு வருகின்றன. சோழபுரத்துக்கு எழுதுகிறாயோ இல்லையோ, என்மேல் கோபமாக இருந்தாலும் சரி, இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குச் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
அன்னபாக்கியம்