அம்மா இருந்த இடத்தில் தண்ணீர்

வெள்ளிக்கிழமை இரவு, மைசூரு

சாயங்காலம் ஊரிலிருந்து தம்பி பேசினான். "அக்கா, இடுகாட்டையும் கடல் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அம்மாவ வச்ச இடத்துல இப்ப தண்ணிதான்."

எங்கள் ஊர் கடலுக்கு இடம்விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்த ஊர். அப்பா பிறந்த தெரு இப்போது கடலுக்குள் இருக்கிறது. ஒரு தெரு போனால் உள்ளே தள்ளி வந்து, அதே பெயரில் இன்னொரு தெரு கட்டிக்கொள்வார்கள். யாரும் கடலைத் திட்டி நான் கேட்டதில்லை.

அம்மா இறந்த பிறகு அப்பாவை இங்கே விஜயநகர் வீட்டுக்கு அழைத்துவந்தேன். "நான் போனா அவ பக்கத்துலதான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அவரிடம் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் "என்னம்மா?" என்றார். சொல்லிவிட்டேன்.

அப்பா அழவில்லை. ஆயுசு முழுக்கக் கடலில் படகு ஓட்டியவர். "அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு அவன்கிட்ட கேளு. அவ எந்தப் பக்கம் போயிருப்பான்னு தெரிஞ்சிடும்" என்றார்.

போனைக் கையில் எடுத்தேன். தம்பியிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து அறையில் அப்பா இன்னும் விளக்கை அணைக்கவில்லை.