மேல்வீட்டு டெலிபோனும் கீழ்வீட்டு காஸ் அடுப்பும்

யேசு மரி சூசை

விபோர்க்
20.11.1986

அன்பு மகள் மேரிசெலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகன் றொபேட்டும் லண்டனில் சுகமாயிருக்கிறீர்கள் என்று மேல்வீட்டு இங்கர் படியில் வைத்துச் சொன்னார், ஆண்டவருக்கு நன்றி. பெற்ற மகளின் சுகத்தை வீட்டுச் சொந்தக்காரி சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். போன ஞாயிறு நீ மேல்வீட்டுக்கு டெலிபோன் எடுத்தபோது நான் ஏன் மேலே ஏறி வரவில்லை என்று யோசித்திருப்பாய். தலையிடி என்று அப்பா சொன்னது பொய். எனக்கு வர மனமில்லை. "உமக்கு அந்த மனிசியில பொறாமை, வேற ஒண்டுமில்லை" என்று அப்பா சொல்கிறார். யோசித்துப் பார்த்தேன், ஓம், பொறாமைதான், அதை உன்னிடம் ஒளிப்பானேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறவள் நான். மேலே மணி அடிப்பது கேட்கும், இங்கர் எடுப்பதும் கேட்கும், ஆனால் உடனே என்னைக் கூப்பிடுவாரா என்றால் இல்லை. ஒரே சிரிப்பு. இங்கிலீசில் என்ன கதைக்கிறீர்கள் என்று எனக்கு எங்கே விளங்கப்போகிறது, "மேரி, மேரி" என்பது மட்டும் காதில் விழும். அதுவும் பாதிப் பெயர், செலின் என்று ஆசைப்பட்டு வைத்தது நான். சிரித்து முடிந்த பிறகுதான் குதிக்காலால் நிலத்தில் தட்டுவார், அதுதான் எனக்கு அழைப்பு. மூச்சு வாங்க ஏறிப்போய் ரிசீவரைப் பிடித்தால் நீ "அம்மா, காசு ஏறுது, கெதியாச் சொல்லுங்கோ" என்கிறாய். அவரோடு சிரிக்கும்போது அந்தக் காசு எங்கே போயிருந்தது? பக்கத்தில் அந்த மனுசி பின்னல் ஊசியோடு இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்த வேளையில் நான் என்னத்தைச் சொல்ல, சுகம், சாப்பிட்டோம், குளிர் என்று சொல்லி வைத்துவிடுவேன். ஆடி மாதம் நீ வந்து நின்றபோதும் இதே கதைதான். அவருடைய தோட்டத்தில் சிவப்புப் பழம் பிடுங்கி ஜாம் காய்ச்சிக் கொடுத்தாய், எனக்கு ஒரு வெங்காயம் உரித்துத் தரவில்லை. நான் அதை மறக்கவில்லை.

இப்போது காஸ் அடுப்பு விசயத்துக்கு வருகிறேன். முன்னறைச் சுவரில் குளிர்காய்வதற்குக் கட்டிய அந்த அடுப்பு உனக்கு ஞாபகமிருக்கும். சுடுதண்ணீர்க் குழாயால் வீடு சூடாகத் தொடங்கிய பிறகு அதை யாரும் மூட்டுவதில்லையாம். நாங்கள் வாடகைக்கு வந்த நாள் முதல் அந்தக் கறுத்த பொந்து என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்தவர் வீடு, இடிக்கவும் முடியாது கழற்றவும் முடியாது. அப்பா அதற்குள் புத்தகம் அடுக்கலாம் என்றார். எங்கள் சனத்தின் வீட்டில் சுருவம் வைத்துச் செபிக்க ஒரு சுருவக்கூடு இல்லாத முன்னறை எங்கேயாவது உண்டா? கரியெல்லாம் சுரண்டிக் கழுவி, பின்னுக்கு என் நீலச் சேலைத் துண்டைக் கட்டி, உள்ளே இருந்த இரும்பின் மேல் பலகை போட்டு, திருஇருதயச் சுருவத்தையும் மடுமாதா படத்தையும் வைத்து இரண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்தினேன். செபமாலைக்கு வந்த சனமெல்லாம் டென்மார்க்கில் இப்படி ஒரு சுருவக்கூடு யாரிடமும் இல்லை என்றார்கள். கோல்டிங்கிலிருந்து வந்த விக்ரோரியா, தன் வீட்டில் ஜன்னல் கட்டையில் சுருவம் வைத்திருக்கிறவள், முகம் கறுத்துப்போய் இருந்தாள். அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை.

அந்தப் பெருமையில்தான் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். வடிவாயிருக்கு அம்மா என்று ஒரு வரி எழுதுவாய் என்று தபால்காரனை வழிபார்த்தேன். ஆனால் போன கிழமை செவ்வாய் வந்து நின்றது இங்கரும், கையில் பெட்டியோடு ஒரு காஸ் திருத்துகிறவனும். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக இங்கர் நேரே போய் என் மெழுகுதிரிகளை ஊதி அணைத்தார். உன் கல்யாண நாளுக்கென்று விடியற்காலை எழும்பி நான் ஏற்றிய திரி பிள்ளை! அப்பா விசாரித்த பிறகுதான் தெரிந்தது, நீ படத்தைப் பார்த்துப் பயந்து அவருக்கு டெலிபோன் எடுத்தாயாம், காஸ் அடுப்புக்குள் அம்மா நெருப்பு வைக்கிறா, குழாயைப் பார்க்கச் சொல்லுங்கோ என்றாயாம். படம் அனுப்பியது நான், பதில் போனது மேல்வீட்டுக்கு.

அந்தத் திருத்துகிறவன் சுருவத்தைப் பக்குவமாகத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, இரும்பைக் கழற்றிக் குழாய் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசினான். மெல்ல மெல்ல நுரை ஊதி எழும்பியது. உடனே ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினான். நிலத்துக்குக் கீழே உள்ள அறையில் காஸை எப்போதோ பூட்டியாயிற்று என்று இங்கர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார், அது சரியாகப் பூட்டுப்படவில்லை. கசிந்தது புகைபோக்கியால் வெளியே போனபடியால் தப்பினோமாம். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், பிழை என்னுடையதல்ல, அவருடையது என்று அந்தப் பயத்திலும் ஒரு சந்தோசம் வந்தது.

அந்தச் சந்தோசமும் நீடிக்கவில்லை. இங்கர் என் கதிரையில் இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அவர் சொன்னதை அப்பா தமிழில் சொன்னார். உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் மேரிக்கு நான் என்ன பதில் சொல்வேன், கிழமைக்குக் கிழமை அந்தப் பிள்ளை என்னிடம் கேட்பது உங்களைப் பற்றித்தானே என்றாராம். அம்மா சாப்பிடுறாவா, வெளிக்கிட்டுத் திரியிறாவா, அழுறாவா, என்னட்டச் சுகம் எண்டு மட்டும்தான் சொல்லுவா, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ என்று நீ கேட்பாயாம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. நான் உடுப்புக் காயப்போடுவதை மேல் ஜன்னலால் பார்த்துவிட்டு அவர் உனக்கு என்ன சொல்லியிருப்பார்? என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

குழாயை வெட்டி மூடியாயிற்று. இரும்பையும் எடுத்துவிட்டு, உள்ளே வெள்ளை அடித்துத் தந்தார்கள், முன்னையிலும் இடம் தாராளம். ஆனால் இங்கர் ஒரு மின்சார மெழுகுதிரி கொண்டுவந்து வைத்திருக்கிறார், இந்த ஊர்ச் சனம் நத்தார்ப் பண்டிகைக்கு ஜன்னலில் வைப்பது. மேரிதான் சொன்னா என்று வேறு சொன்னார். திருஇருதயத்துக்கு முன்னால் பல்ப்! தன் செம்புச் சாடியையும் கூட்டுக்கு மேலே இருக்கிற தட்டின் நடுவில் வைத்திருக்கிறார். நான் ஓரத்துக்குத் தள்ளுவேன், அவர் வந்து திரும்ப நடுவுக்கு இழுப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது இதுதான் வேலை. நீயும் உன் அறையில் இருக்கிற காஸ் அடுப்புக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்கச் சொல்லு, மருமகன் சோம்பல்படுவார், விடாதே. அவருடைய இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

மகளே, இனிமேல் என்னைப் பற்றி மேல்வீட்டில் கேட்காதே. ஜன்னலால் தெரியாததை நானே எழுதுகிறேன். நீ ஆடியில் திரும்பிப் போன பிறகு நான் கோயிலைத் தவிர வேறெங்கும் போவதில்லை. அப்பா இந்த ஊர்ப் பாஷை படிக்கிற வகுப்புக்குப் போன பிறகு மத்தியானம் சமைப்பதில்லை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு கதைத்துவிட்டு இறங்கி வந்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். இது இங்கருக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

திருஇருதய ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும், மடுமாதா உங்கள் பயணங்களில் துணை நிற்கட்டும். வருகிற ஞாயிறு டெலிபோன் எடுக்கும்போது இங்கரிடம் என்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டு இரு. நான் கெதியாக ஏறி வருவேன். வந்த பிறகு சிரி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற தாய்
ம. விமலராணி