பலாமரத்துக்கு வைத்த கேமரா

அரிமளம் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காலடியில் ஒரு சாக்குப்பை கனத்துக் கிடக்க, வயலுக்குப் போயிருந்த கணவன் உதயசூரியனுக்குக் கலைமதி ஒரு சீட்டு எழுதிக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டினாள்.

“ஏங்க, ஒங்க கேம் தொறந்ததும் மூடிக்கிருதுன்னு என் டைப்பிங் சாப்ட்வேரைத் திட்டித் திட்டி அழிச்சே விட்டீங்க. நானும் மூணு நாளா ஒங்ககூடப் பேசலை. இன்னைக்கு அதைத் திரும்பப் போட்டுட்டு, பின்னாடி ஓடுற ஒவ்வொண்ணையும் மூடி மூடி கேமைத் தொறந்து பாத்தேன். குத்தவாளி யாருங்கிறீங்க? பலாமரத்தைக் காவல் காக்க நீங்க போட்ட கேமரா சாப்ட்வேர்! அதை மூடுனதும் கேம் ஜோரா ஓடுது. என் சாப்ட்வேரும் கூடவே ஓடுது, நல்லாப் பாத்துக்கங்க.

கருவாட்டுக் கொழம்பு அடுப்பு மேல இருக்கு. வெளிய போனா சாவியை மீட்டர் பெட்டி மேல வைங்க. ஆறு மணி பஸ்ஸுல வந்துருவேன்.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

“கேமராவைத் திரும்பப் போட்டு, ஒரு பழத்தைக் காணோமேன்னு ஊரைக் கூட்டாதீங்க. அது மூடிக் கெடந்தப்ப நான்தான் பறிச்சேன். எங்கம்மாவுக்குக் கொண்டு போறேன்.”