பேட்டரி காருக்கு உன் தம்பி போட்ட கையெழுத்து

என் உசுருக்கு உசுரான லூர்து அக்காவுக்கு,

நம்ம பேட்டரி கார் நேத்துப் பதிவாயிருச்சு. புகையில்லாத வண்டிக்கான வரிச் சலுகையும் கெடைச்சிருச்சு. வெரசா வந்து உன்கிட்டச் சொல்லணும்னு ஓடியாந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. காலையில பூட்டினதும் நான்தானே.

நீ டீச்சர், நான் நர்ஸ். ஒரே வாடகை வீட்டுல பதினெட்டு வருஷம். "சீசன் வந்தா ஏரிப் பக்கம் டூரிஸ்ட் வண்டிப் புகையில உனக்கு இழுப்பு வந்துருது பாக்கியம், நாமளாவது புகை விடாத வண்டி வாங்குவோம்"னு சொல்லி, ரெண்டு பேர் சேமிப்பையும் சேத்து வாங்கினே. நீ ஓட்டுறது, நான் பக்கத்துல உக்காந்து வர்றது, அதுதான் பேச்சு. பில்லும் சலுகை மனுவும் உன் பேர்ல இருந்துச்சு. பதிவுக்குப் போறதுக்குள்ள ஒரு வாரக் காய்ச்சல்ல நீ போயிட்ட.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் அம்மா தன்மையாத்தான் கேட்டாங்க.

"இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணுங்க?"

"ஒரே வீட்டுல இருந்தோம்ங்க."

"அப்படி எழுத முடியாதுங்களே. அவங்க வாரிசு ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரட்டும். உங்க பேருக்கு மாத்திச் சலுகையும் போட்டுரலாம்."

உனக்கு வாரிசுன்னா கன்னிவாடியில இருக்குற உன் தம்பி ஒருத்தர்தான். நீ கல்யாணம் வேணாம்னதுலருந்து உன்னோட பேசாதவரு. அடக்கத்துக்கும் வரல. ஆபீஸ் போயிட்டு வந்த மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். வண்டி எனக்குத்தான்னு சொல்லிருவாரோன்னு வழியெல்லாம் பயம்.

சந்தையில முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவுல நின்னாரு. உன் மூக்கு அப்படியே அவருக்கும். நான் நீட்டின ஆட்சேபணை இல்லைங்கற தாளை ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

"கடைசியில அக்கா என்னையத் தேடுச்சுங்களா?"

"தேடுச்சுங்க. ரெண்டு தடவை உங்க பேரைச் சொல்லுச்சு."

துண்டை மூஞ்சியில வச்சுக்கிட்டாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டாரு.

நீ யார் பேரையும் சொல்லலையே அக்கா. என் பேரைக்கூடச் சொல்லல. தண்ணி மட்டுந்தான் கேட்டே. கையெழுத்துக்காக அந்தப் பொய்யைச் சொன்னேனா, அந்த மனுசன் நின்ன நிலையைப் பாத்துச் சொன்னேனா? எனக்கே தெரியல. உனக்கு என்மேல கோவமா?

பதிவுக்குக் காத்திருந்த மாசங்கள்ல, இந்த வயசுல டிரைவிங் கத்துக்கிட்டு லைசென்ஸும் வாங்கிட்டேன். கரண்ட் அடிக்கடி போயிருது, வந்த நேரம் பாத்து சார்ஜ் போடுறேன். வண்டி சத்தமே போடுறதில்ல. பெட்ரோல் வண்டியா இருந்தா அந்த இரைச்சலாவது துணைக்கு இருந்திருக்கும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை உன் தம்பி இங்க வர்றாரு. பஸ் ஸ்டாண்டுலருந்து நம்ம கார்லயே உன் கல்லறைக்குக் கூட்டியாறேன். நான் சொன்னது பொய்யின்னு என் வாயால அவருக்கு என்னைக்கும் தெரியவராது. அதுக்கு நான் பொறுப்பு.

ஒரு வயித்துல பொறக்காத உன் தங்கச்சி,
பாக்கியம்