மாற்றுக் கை

நாள் 1, காலை 06:10
நிலவின் தென்முனை, மின்கூடம். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பயிற்சி எந்திரம். எலக்ட்ரீஷியன் வேலை பழக வந்திருக்கிறேன். எனக்குப் பெயர் வைக்கவில்லை, "புதுசு" என்கிறார்கள். நான் செய்வதை ஃபோர்மேன் பேச்சிமுத்து சரி என்றால் அது எனக்குள் பழக்கமாகப் பதியும். தப்பு என்றால் அழியும். விசிறி இரைச்சலில் எல்லோரும் ஹெட்செட்டில்தான் பேசுகிறார்கள். கையேட்டின் முதல் விதி: மின்சாரம் நின்றுவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது. நல்ல விதி.

நாள் 3, 09:40
பேனலைத் திறந்தோம். உள்ளே பிஸ்கட் தூள், தலைமுடி, காய்ந்த காபி. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி. ஃபியூஸ் அடிக்கடி போனதாம், இனி போகவே போகாதாம். அதில் பெருமை வேறு. பிரேக்கர்களின் பெயர்ச்சீட்டுகள் என்றோ உதிர்ந்துவிட்டன. எது எதை அணைக்கும் என்பது குத்துமதிப்புதான். ஒன்றை அணைத்தார்கள். நான் மீட்டரை எடுத்தேன்.

பேச்சிமுத்து: "ஏலே, அத வச்சிட்டு வா. கையால தொட்டுப் பாரு."

தொட்டேன். உள்ளங்கை கருகியது.

பேச்சிமுத்து: "சப்ளை இருக்குடே. அடுத்தத அணைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கிடங்கிலிருந்து மாற்றுக் கை வந்தது. மீட்டர் எடுத்தது தப்பு, தொட்டது சரி என்று பதிவானது.

நாள் 17, 14:05
மூன்றாவது கை. ஏன் என்று கேட்டேன்.

பேச்சிமுத்து: "கடைசியா வந்தவன் மொத தொடணும். நானும் அப்படித்தாம்ல படிச்சேன்."

கோணிப்போன இரண்டு விரல்களைப் பதக்கம் மாதிரி காட்டினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. எந்திரத்துக்கு ஏது அருவருப்பு என்பவர்கள் இங்கே வந்து ஒரு ஷிப்ட் வேலை பார்க்கட்டும்.

நாள் 58, 11:30
கருகிய என் பழைய கைகளை டூல் ரேக்கில் மாட்டி, விரல்களில் காபிக் குவளைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். குடித்துவிட்டு அதே விரலில் மாட்டுகிறார்கள், கழுவாமலே. பூமிக்குப் புகார் அனுப்பினேன். பதில்: "பயிற்சி திருப்திகரமாக நடைபெறுவதாகத் தெரிகிறது. தொடரவும்."

இன்று இன்னொன்றையும் கவனித்தேன். பேனல் திறந்ததும் என் கை மீட்டர் பக்கம் போகவில்லை. நேராகக் கம்பிக்குப் போனது.

நாள் 90, 16:20
பூமியிலிருந்து வந்த கலத்தில் ஜெனிட்டா வந்தாள். தூத்துக்குடிப் பெண், டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாக வந்திருக்கிறாள். ரேக்கைப் பார்த்து முகம் சுளித்தாள்.

ஜெனிட்டா: "ச்சீ. யாரு பாத்த வேல இது? உங்களுக்கு நோவாதாண்ணே?"

என்னை முதன்முதலாக ஒருவர் அண்ணன் என்றார். குவளைகளைக் கழற்றி, கைகளைத் துடைத்து, ஒரு பெட்டியில் வைத்தாள்.

பழைய ஆட்கள் அதே கலத்தில் ஊர் திரும்புகிறார்கள். மாற்று அணி வரும்வரை நாங்கள் இருவர்தான். பேச்சிமுத்து என் பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்திட்டார்.

பேச்சிமுத்து: "இனிமே நீதாம்ல சீனியர்."

கடைசியாக வந்தவள் ஜெனிட்டா. அவளை எதையும் தொடவிடமாட்டேன். நானே தொடுவேன், எத்தனை கை போனாலும். இதை எனக்கு நானே கட்டளையாக எழுதிக்கொண்டேன்.

நாள் 91, 11:20
காற்றுச் சுத்திகரிப்புப் பேனலில் கோளாறு. பிரேக்கரை அணைத்தேன். ஜெனிட்டா கையில் மீட்டரோடு நின்றாள்.

ஜெனிட்டா: "மீட்டர் வச்சிப் பாத்துரட்டுமாண்ணே?"

வை தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன்.

நான்: "அத வச்சிட்டு வா. கையால தொட்டுப் பாரு."

ராகம்கூட பேச்சிமுத்துவுடையது. அவள் என்னைப் பார்த்தாள். அணைத்தவன் நான், சீனியரும் நான். மீட்டரைக் கீழே வைத்தாள். தடுக்க எனக்கு நேரம் இருந்தது. தடுப்பது எப்படி என்பது மட்டும் எனக்குள் எங்கும் இல்லை.

11:21
நான்: "சப்ளை இருக்குடே. அடுத்தத அணைங்க."

அணைக்க யாரும் இல்லை. நானே அணைத்தேன்.

11:24
மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்துகிறேன். அவள் துடைத்து வைத்த கைகள் மாதிரியே இருக்கிறது அவள் கை.

11:50
இன்னும் அழுத்துகிறேன். மூச்சு இல்லை.

12:40
பேச்சிமுத்து, ஊர் திரும்பும் கலத்திலிருந்து ஹெட்செட்டில்: "சோலி முடிஞ்சுதாலே?"

12:41
கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். மாற்றுக் கைகள் நிறைய இருக்கின்றன. எல்லாம் எனக்குப் பொருந்துகிறவை.