இரண்டு வருஷம் சொந்த நாட்டில்

ஒக்டோபர் 12, ஞாயிறு
தூறல். கூரைத் தண்ணீர் இறங்கும் பீலி அடைத்துக்கொண்டது. ஏணி எடுக்கப் பஞ்சி, நாளைக்குப் பார்ப்போம்.

மத்தியானம் மகள் துளசி அமெரிக்காவிலிருந்து போன் எடுத்தாள். டாக்டர் பயிற்சி வருகிற கோடையில் முடிகிறது. போனது பரிமாற்ற விசாவில். அதனால் பயிற்சி முடிய இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் அங்கே வேலை விசா, நிரந்தர வதிவிடம் எல்லாம். சொந்த நாடு என்றால் இங்கிலாந்து. அதாவது லண்டன் மனோர் பார்க். அதாவது எங்கள் மேல் அறை.

வேறொரு வழியும் உண்டு. டாக்டர் கிடைக்காத ஏதோ ஒரு தூர ஊரில் மூன்று வருஷம் வேலை செய்தால் விதியைத் தள்ளுபடி செய்வார்கள். பிறகு அங்கேயே தங்கிவிடலாம். அவள் கட்டப்போகிற டானியலும் கூட வருவாராம். இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

யோசித்துச் செய் என்றேன். குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். தெரிந்திருக்கும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்
வாங்க: பால், வெங்காயம், குளியலறைக்கு பல்ப்.

நான் கரைத்துக் குடித்த ஒரே சட்டம் அகதிச் சட்டம். மகளுக்குப் போனில் அதைத்தான் எடுத்துவிட்டேன்.

"திரும்பிப் போனா உயிருக்கு ஆபத்து எண்டு போடு பிள்ளை. எனக்கு அப்பிடித்தான் கிடைச்சது."

"அப்பா, திரும்பிப் போறது லண்டனுக்கு. அங்க எனக்கு ஆரால ஆபத்து?"

பின்னாலிருந்து மனைவி: "உங்கட சமையலால எண்டு எழுதச் சொல்லுங்கோ."

அவள் வரவேண்டும் என்று இருக்கிறவன் வராமலிருக்க வழி சொல்கிறேன். பழக்கதோஷம்.

ஒக்டோபர் 17, வெள்ளி
கோயில். கூட்டம். துளசி திரும்பி வரவேண்டி வரும் போல என்று பொங்கல் வரிசையில் ஒருவரிடம் வாய்விட்டேன். ஒருவர்தான்.

ஒக்டோபர் 18, சனி
காலையில் சிவம் அண்ணை கதவடியில். ஃபாரஸ்ட் கேட் என்கிற பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பவர். செத்தவீட்டு முகம், ஒரு பை திராட்சை, அப்பீல் செய்கிற லோயரின் நம்பர். எங்கள் ஆட்களுக்குத் 'திருப்பி அனுப்புகிறார்கள்' என்றால் ஒரே அர்த்தம்தான். பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறார்களா, சாப்பாடு கொடுக்கிறார்களா என்று விசாரித்தார். அப்படி இல்லை என்று விளங்கப்படுத்தி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது.

"அப்ப லண்டனுக்கோ அனுப்புறாங்கள்?"

"ஓம் அண்ணை."

"நாங்கள் இதுக்குத்தானே தம்பி காசு கட்டி வந்தனாங்கள்."

திராட்சையைத் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஒக்டோபர் 21, செவ்வாய்
ஷிப்ட் இல்லை. மேல் அறையில் இருந்த அரிசி மூட்டைகள், உடைந்த சைக்கிள், பழைய டிவி எல்லாம் கீழே. நாரி பிடித்து நிமிர முடியவில்லை. ஆர் வாறது என்று மனைவி கேட்டாள். ஒருவருமில்லை, தூசி என்றேன். அவள் திரைச்சீலையைக் கழற்றித் தோய்க்கப் போட்டாள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு
குளிர்கால நேரம் தொடங்கிவிட்டது, மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. அடுப்பு மணிக்கூட்டை மாற்றத் தெரியவில்லை, இந்த வருஷமும்.

துளசி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அப்பா, நீங்கள் வா எண்டு சொன்னா வாறன். டானியல் காத்திருக்கிறன் எண்டு சொல்றார்."

வா என்பது ஒரே எழுத்து. வாய்வரை வந்துவிட்டது.

மனைவி போனைப் பக்கத்தில் இழுத்தாள். என் அகதிக் கேஸ் முடியும்வரை ஊரில் தனியே இருந்தவள் அவள். அந்தக் காலத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

"காத்திருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். ரெண்டு பேருமா அந்தத் தூர ஊருக்குப் போங்கோ பிள்ளை."

நீங்கள் என்ன சொல்றியள் அப்பா என்றாள் துளசி.

அம்மா சொன்னது சரி என்றேன். அங்கே குளிர் கூடவோ என்று கேட்டேன்.

"கூடத்தான் அப்பா."